கிட்டங்கி இருந்த தெரு

புதன், காரைக்குடி

எங்கள் ஐயா, அதாவது அப்பச்சியை (அப்பாவை) பெற்றவர், தம் வாழ்நாளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஒரு கிட்டங்கியில் கழித்தவர். கிட்டங்கி என்றால் சரக்கு அடுக்கும் இடம் என்றுதான் பொதுவாக எண்ணுவார்கள். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன ஊர்களிலோ அது வட்டிக்கடைகள் பல ஒரே கூரையின் கீழ் நடந்த நீண்ட கூடம். பகலில் கடை, இரவில் படுக்கை, பின்கட்டில் அடுப்படி, சுவரில் முருகன் படம். சிங்கப்பூரில் அத்தகைய கூடங்கள் மார்க்கெட் ஸ்ட்ரீட்டிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் இருந்தன. 1970களில் அவை இடிபட்டன. தெருவின் பெயர் இன்னும் இருக்கிறது. ஐயா நடந்த தெரு இல்லை. வீட்டில் மிஞ்சியிருக்கும் படங்களை வைத்துக்கொண்டு, அந்தத் தெருவில் அவர் எங்கே உட்கார்ந்திருந்தார், யாரோடு உட்கார்ந்திருந்தார் என்று கண்டறிய முடியுமா என்று பார்க்கவே இந்தப் பயணம்.

படங்கள் மூன்று. முதலாவது தெருவின் படம்: இருபுறமும் கடைவீடுகள், நடுவில் ரிக்‌ஷாக்கள், இடப்பக்கத்து அஞ்சடியில் (கடைவீடுகளின் முன்னால் கூரையிட்ட நடைபாதையில்) ஒரு தூணோரம் வேட்டி கட்டிய சிறுவன் ஒருவன். "இதுதான் ஐயா" என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்லிவந்திருக்கிறோம். இரண்டாவது கிட்டங்கியின் உட்புறம்: சரிந்த மூடி போட்ட மேசைப்பெட்டிகளுக்குப் பின்னால் நான்கு பேர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்க, அவர்களுக்குப் பின்னால் தோளில் துண்டோடு ஒருவர் நிற்கிறார். வலமிருந்து இரண்டாவதாக உட்கார்ந்திருப்பவர் ஐயா. மூன்றாவது, தீட்டிய திரைக்கு முன்னால் கைக்கடிகாரம் தெரியும்படி கையை மடித்து வைத்து எடுத்துக்கொண்ட ஸ்டுடியோ படம். அது எந்த ஊர் ஸ்டுடியோவிலும் எடுத்ததாக இருக்கலாம் என்பதால் அதை இந்தத் தேடலில் சேர்க்கவில்லை.

இரண்டாவது படம் அயித்தையின் பொறுப்பில் இருந்தது. சட்டத்தின் பின்பலகையைக் கழற்றினால் உள்ளே பூச்சி அரித்த செய்தித்தாளும் துருப்பிடித்த ஆணிகளும் இருந்தன. படத்தின் மேல்மூலை ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. அப்படி ஒட்டியதை இழுத்தால் படத்தின் மேல்பூச்சு உரிந்து வந்துவிடும். ஆகவே கண்ணாடியோடே வைத்து, முடிந்த அளவு அதிக நுணுக்கத்தில் ஸ்கேன் செய்தோம். கணினியில் பெரிதாக்கியபோது, இத்தனை ஆண்டுகள் வீட்டுக் கூடமான பட்டாலையில் தலைக்கு மேல் தொங்கியபோது யாரும் பார்க்காத இரண்டு செய்திகள் தெரிந்தன. சுவரில் ஒரு நாட்காட்டி. திறந்திருந்த வாசல் வழியாக, வெளிச்சம் மிகுந்து வெளுத்துப்போன எதிர்வீட்டு மாடி.

படங்களோடு ஒரு கட்டுக் கடித உறைகளும் கிடைத்தன. அனுப்புநர் இடத்தில் எங்கள் விலாசமும் (எங்கள் கடையின் பெயர்க்குறி), மார்க்கெட் ஸ்ட்ரீட்டின் இரட்டைப்படைக் கதவெண் ஒன்றும். 1941-இன் இறுதிக்குப் பிறகு உறைகள் நின்று, 1946-இல்தான் மீண்டும் தொடங்குகின்றன. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. அந்த இடைவெளியில் அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே ஊரில் தெரியாது என்று அயித்தை சொன்னார். அப்பத்தா அந்த ஆண்டுகளில் எப்படிக் குடும்பத்தை ஓட்டினார் என்பதற்கு எங்களிடம் ஒரு படமும் இல்லை, ஒரு தாளும் இல்லை.

மாலையில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனேன். இடித்த வளவு (முற்றம் வைத்த) வீடுகளிலிருந்து வந்த தூண்கள், நிலைகள், பீங்கான் சாமான்கள், எனாமல் தூக்குச்சட்டிகள் எல்லாம் விற்கும் பழம்பொருள் கடைகள் அங்கே உண்டு. ஒரு கடையில் சட்டம் போட்ட குடும்பப் படங்கள் சுவரோரம் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. விலை தேக்குச் சட்டத்துக்குத்தான். உள்ளே இருக்கும் ஆட்களுக்கு விலை இல்லை, வேண்டாமென்றால் எடுத்துவிட்டுத் தருவதாகக் கடைக்காரர் சொன்னார். சிங்கப்பூரில் தெருக்களை இடித்ததைப் பற்றி எழுதக் கிளம்புகிறவன், இங்கே நாமே நம் வீடுகளை இடித்து எடைக்குப் போட்டதையும் எழுதியாக வேண்டும்.

வெள்ளி, சிங்கப்பூர், விக்டோரியா ஸ்ட்ரீட்

ஐயா கடைசியாக ஊர் திரும்பியது 1971-இல், ரஜூலா கப்பலில். 1926 முதல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று அலைந்து, தமிழ்நாட்டின் பாதி ஊர்களுக்கு மலாயாவை அறிமுகம் செய்த கப்பல் அது. அவருக்கு ஒரு வாரம் பிடித்த வழி, திருச்சியிலிருந்து எனக்கு ஒரு தூக்கத்தில் முடிந்துவிட்டது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

விக்டோரியா ஸ்ட்ரீட்டில் உள்ள தேசிய நூலகத்தின் மேல்தளங்களில் குறிப்புதவி நூலகம் இருக்கிறது. பழைய தெரு வழிகாட்டி நூல்களையும் நில அளவை வரைபடங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஒரு தெரு எப்படிக் காணாமல் போகிறது என்பதைப் பக்கம் பக்கமாகப் பின்தொடரலாம். 1950களின் வரைபடத்தில் மார்க்கெட் ஸ்ட்ரீட்டின் இருபுறமும் சீப்பின் பற்களைப்போல் குறுகிய, நீளமான மனைகள். பிந்தைய வரைபடங்களில் அந்தக் கோடுகள் அழிந்து, பத்துப் பதினைந்து மனைகள் சேர்ந்து ஒரே கட்டமாகிவிடுகின்றன.

இடித்தவர்கள் மனம்போன போக்கில் இடிக்கவில்லை. அதற்கென ஒரு சட்டம் இருந்தது. போருக்குப் பின் வீட்டுப் பஞ்சத்தைச் சமாளிக்க 1947-இல் கொண்டுவந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், பழைய கட்டடங்களின் வாடகையை உயரவிடாமல் கட்டிப்போட்டது. குடியிருந்தவர்களுக்கு அது நிழல். சொந்தக்காரர்களுக்கோ பழுது பார்க்கவும் மனம் வராது, காலி செய்யவும் வழி கிடையாது. நகரின் நடுவில், வரைபடத்தில் ஒரு காலணியின் வடிவம் கொண்டதால் 'கோல்டன் ஷூ' என்று பெயர் பெற்ற பகுதியை வங்கிகளின் வட்டாரமாக்க அரசு முடிவு செய்தபோது இந்தக் கட்டுப்பாடு குறுக்கே நின்றது. அதை அந்த ஒரு பகுதிக்கு மட்டும் தளர்த்தி, இழப்பீடு கொடுத்துக் குடியிருப்போரை வெளியேற்றிப் புதிதாகக் கட்டலாம் என்று 1969-இல் தனிச்சட்டம் வந்தது. மார்க்கெட் ஸ்ட்ரீட் அந்தக் காலணிக்குள் அகப்பட்ட தெரு.

கிட்டங்கிகளை அழித்தது அந்தச் சட்டம் மட்டும்தான் என்று எழுதுவது எங்களவர்களுக்கு வசதியான கதை. அதற்கு முன்பே தொழில் சுருங்கத் தொடங்கிவிட்டது. 1935-இலேயே வட்டித் தொழிலுக்கு உரிமமும் கட்டுப்பாடும் வந்துவிட்டன. வங்கிகள் பெருகின, ஊரில் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போனார்கள். ஐயா 1971-இல் திரும்பியபோது தெரு இன்னும் நின்றுகொண்டிருந்தது. திரும்பியதற்குக் காரணம் கடையில் வரவு இல்லாமல் போனதுதான் என்பது அவருடைய கடைசி ஐந்தொகையை (இருப்புநிலைக் கணக்கை) பார்த்தாலே தெரிகிறது.

நூலகத்துக்கு எதிரில் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் இருக்கிறது. அங்கே பழைய அஞ்சலட்டைகள் விற்கும் கடை ஒன்றில், கட்டுக் கட்டாக அடுக்கியிருந்த பிளாஸ்டிக் உறைகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது எங்கள் முதல் படம் கையில் வந்தது. அதே தெரு, அதே ரிக்‌ஷாக்கள், தூணோரம் அதே பையன். எங்கள் வீட்டுப் படமும் அஞ்சலட்டைதான். சட்டத்துக்குள் இருந்ததால் யாரும் முதுகைப் பார்க்கவில்லை. செட்டியார்களும் அவர்கள் தெருவும் அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பயணிகள் விரும்பி வாங்கிய காட்சிகள். ஒரே படத்தை ஆண்டுக்கணக்கில் அச்சிட்டு விற்றிருக்கிறார்கள். ரிக்‌ஷாக்களை 1947-இல் தடை செய்துவிட்டார்கள் என்பதால் படம் அதற்கு முந்தையது என்று மட்டும் காரைக்குடியில் கணித்திருந்தேன். கடையில் இருந்த அட்டையில் ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட தபால்தலையும் 1914-இன் முத்திரையும் இருந்தன. ஐயா பிறந்தது 1921.

அட்டையை வாங்கிக்கொண்டேன். கடைக்காரர் விலையில் ஒரு வெள்ளிகூடக் குறைக்கவில்லை.

இரவு அயித்தையிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் சற்றும் கலங்கவில்லை. "அதுக்கென்னப்பா, அவுகளும் அதே வயசுல அதே தூண்ல சாஞ்சுக்கிட்டுத்தான் நின்னிருப்பாக" என்றார்.

சனி, மார்க்கெட் ஸ்ட்ரீட்

ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டி நிலையத்திலிருந்து மேலே வந்தால் சில நிமிட நடை. சனிக்கிழமை என்பதால் அலுவலகங்கள் மூடி, தெருவில் ஆளே இல்லை. காலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது.

இந்தத் தெருவை ஒருமுறை இடித்ததோடு நிறுத்தவில்லை. சிங்கப்பூரின் முதல் பலமாடி கார் நிறுத்துமிடம் 1964-இல் இங்கேதான் எழுந்தது. அதையும் இடித்து, அந்த இடத்தில் 2014-இல் கேப்பிட்டாகிரீன் கோபுரத்தைக் கட்டினார்கள். கிட்டங்கிகள் போன பின்பு, 1984-இல் கோல்டன் ஷூ கார் நிறுத்துமிடம் வந்தது. அதன் உள்ளே ஓர் உணவங்காடியும் இருந்தது. அலுவலக ஊழியர்கள் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே வரிசையில் நின்ற நினைவுகளை இப்போது அந்த ஊர்க்காரர்கள் ஏக்கத்தோடு எழுதுகிறார்கள். 2017-இல் அதையும் மூடி இடித்து, 2021-இல் கேப்பிட்டாஸ்பிரிங் என்ற 280 மீட்டர், 51 மாடிக் கோபுரத்தைக் கட்டி முடித்தார்கள். எங்கள் குடும்பம் இழந்ததாக நினைக்கும் தெருவின் மேல் இன்னொரு தலைமுறை இழந்த தெரு கிடக்கிறது. எங்கள் இழப்புதான் மூத்தது என்று நான் உரிமை கொண்டாடினால், கிட்டங்கிகளுக்கு முன்னால் அங்கே இருந்தவர்களும் வந்து கேட்பார்கள்.

புதிய கோபுரத்தின் இரண்டாம், மூன்றாம் தளங்களில் உணவங்காடியை மீண்டும் அமைத்திருக்கிறார்கள். பெரும்பாலான கடைகள் அடைத்திருந்தன. திறந்திருந்த ஒன்றில் ஒரு கோப்பி வாங்கிக்கொண்டு, அஞ்சலட்டையின் பிரதியைக் கையில் வைத்து எதனோடாவது பொருத்த முடியுமா என்று தெருவின் இருமுனையிலும் நின்று பார்த்தேன். ஒரு சுவர்கூட, ஒரு தூண்கூட மிஞ்சவில்லை. சூலியா ஸ்ட்ரீட் பக்கம் திரும்பினால் ஐ.எம். பெய் வடிவமைத்து 1976-இல் கட்டி முடிக்கப்பட்ட ஓசிபிசி சென்டரின் இரு பெரும் வளைசுவர்கள். அந்தக் கட்டடத்தையே இன்று பழமை என்று பாராட்டுகிறார்கள்.

கதவெண்ணை நம்பியும் பயனில்லை. மனைகள் சேரும்போது எண்கள் மாறிவிடுகின்றன. ஐயாவின் உறைகளில் உள்ள எண் இன்று எந்த வாசலிலும் இல்லை.

ஆகவே படத்தில் இருப்பதைப் போன்ற ஒன்றைக் கண்ணால் அளந்து பார்ப்பதற்காக போட் கீ வரை நடந்தேன். அங்கே ஆற்றோரக் கடைவீடுகள் காப்பாற்றப்பட்டிருக்கின்றன. 1989-இல் பாதுகாப்புப் பகுதிகளை அரசிதழில் அறிவித்தபோது போட் கீயும் தஞ்சோங் பகாரும் தேக்கா (லிட்டில் இந்தியா) வட்டாரமும் அதில் இடம்பெற்றன. மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் அப்போது காப்பாற்ற எதுவும் மிச்சமில்லை. ராஃபிள்ஸ் 1822-இல் போட்ட நகரத் திட்டத்திலிருந்து தொடரும் அஞ்சடி அங்கே இன்றும் இருக்கிறது. ஒரு கடைவீட்டின் முகப்பை என் காலடியால் அளந்தேன். எங்கள் ஊர் வீட்டு முகப்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. உள்ளே மதுக்கடை. ஆனாலும் கூடம் உள்ளே போய்க்கொண்டே இருப்பதும், நடுவில் வானம் பார்த்த முற்றத்திலிருந்து வெளிச்சம் இறங்குவதும் தெரிந்தன. வளவு வைத்த வீட்டில் பிறந்த பையனுக்கு அந்த முற்றம் ஒன்றுதான் பழக்கமானதாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

ஞாயிறு, டேங்க் ரோடு

தண்டாயுதபாணி கோயிலுக்குக் காலையிலேயே போய்விட்டேன். நகரத்தார் 1859-இல் எழுப்பிய கோயில். இப்போது இருக்கும் கட்டடம் 1983-இல் புதிதாகக் கட்டிக் குடமுழுக்குச் செய்தது. அதாவது கோயிலும் ஏறத்தாழ கிட்டங்கிகளின் காலத்திலேயே இடிபட்டுத்தான் மீண்டும் எழுந்தது. 2014-இல் அதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள்.

அறிமுகத்தின் பேரில் சந்தித்த பெரியவர் எண்பதைக் கடந்தவர். 1960களில் பெட்டியடிப் பையனாக (கடையின் கடைநிலை உதவியாளாக) வந்து, கிட்டங்கி போன பிறகும் இங்கேயே தங்கிவிட்டவர். உட்கார்ந்ததும் முதல் கேள்வி: "தம்பிக்கு எந்த ஊரு, எந்தக் கோயிலு, விலாசம் என்ன?" எங்கள் குலப்பிரிவின் கோயிலான இளையாத்தங்குடியைச் சொன்னதும், "அப்ப நமக்குப் பங்காளி வேணும்" என்று நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அதன் பிறகுதான் பேச்சு நடந்தது.

பையன்கள் விடியுமுன் எழுந்து குளித்து, கூடத்தைப் பெருக்கி, சாமி படத்துக்கு விளக்கேற்ற வேண்டும். ஒரு கடைக்கு ஒரு பெட்டி, ஓர் அலமாரி, ஒரு பாய் விரிக்கும் அளவு தரை, அதற்கு வாடகை. முற்பகலில் ஏஜெண்டு (கடைப் பொறுப்பாளர்) பெட்டியடியில் இருப்பார். பிற்பகலில் அவருக்கு அடுத்த நிலையில் உள்ள அடுத்தாள் வசூலுக்குப் போவார். இரவில் குறிப்பேட்டிலிருந்து பேரேட்டில் ஏற்றி, கணக்கு நேரான பிறகே படுக்கை. மூன்றாண்டுச் சம்பளச் சீட்டு முடிந்தால் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போய், மீண்டும் சீட்டு எழுதிக்கொண்டு வருவார்கள். வாடிக்கையாளர்களில் சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோரும் உண்டு. கூடத்துக்குள் தமிழும் அஞ்சடியில் மலாயும் பேசியாக வேண்டும். கோயிலுக்கு மகமை என்னும் காணிக்கை ஒழுங்காகப் போய்விடும். தைப்பூசத்துக்கு முந்தின நாள் வெள்ளி ரதம் இங்கிருந்து கியோங் செய்க் சாலை லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது கிட்டங்கி வாசலில் நின்றதையும், அர்ச்சனைத் தட்டோடு தாங்கள் வரிசையில் நின்றதையும் அவர் சொல்லும்போது குரல் உயர்ந்தது.

பிறகு இரண்டாவது படத்தைக் கொடுத்தேன். "ஐயாவும் அவருடைய ஆட்களும்" என்றுதான் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முகங்களைப் பார்க்காமல் முதலில் தரையைப் பார்த்தார்.

"ஒவ்வொருத்தரு முன்னாலயும் ஒரு பெட்டி இருக்கு பாருங்க. நாலு பெட்டின்னா நாலு கடை. ஒரே கடை ஆளுகளா இருந்தா ஒரு பெட்டியைச் சுத்தித்தான் உக்காந்திருப்பாக. இவுக உங்க ஐயாவோட ஆளுக இல்ல, பக்கத்துப் பெட்டிக்காரவுக."

எங்கள் வீட்டுச் செல்வாக்கு அந்த ஒரு வாக்கியத்தில் நான்கில் ஒரு பங்காகிவிட்டது. ஆனால் அவர் சொன்னதே சரியாக இருக்க வேண்டும். நால்வரில் ஒருவர் எங்கள் அம்மான் வீட்டு வழியில் உறவு, தனிக்கடை வைத்திருந்தவர் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அவர் எப்படி ஐயாவின் கீழ் வேலை பார்த்திருப்பார் என்று யாரும் கேட்டதில்லை.

நிற்பவரைப் பற்றிக் கேட்டேன். "இவரு கிட்டங்கி சமையக்காரரா இருக்கணும். பையன்னா உக்கார வச்சிருப்பாக, வயசும் தெரியுது. படம் எடுக்கயில 'நீயும் வந்து நில்லுப்பா'ன்னு கூப்பிட்டிருப்பாக." நான்கு கடைகளின் பெயர்களையும் வீட்டில் சொல்ல முடிகிறது. எல்லோருக்கும் சோறு போட்டவரின் பெயரை யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

மாலையில் கேம்பெல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்துக்கு ஒரு நடை போய்வந்தேன். நுணுக்கமான செதுக்கு வேலை கொண்ட செட்டிநாட்டு வாசல்நிலை ஒன்று அங்கே காட்சிக்கு இருக்கிறது. முனீஸ்வரன் கோயில் தெருவில் வெயிலில் சாய்த்து வைத்திருந்த நிலைகளைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு, குளிர்சாதன அறையில் விளக்கு வெளிச்சத்தில் ஒன்றைப் பார்த்தபோது, அதை விற்ற வீட்டார் மேல் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது.

திங்கள், கேனிங் ரைஸ்

தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் படங்களில் பெரும்பகுதியை வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கலாம். நேரில் போனது கட்டட வரைபடங்களுக்காக. 1884 முதல் சிங்கப்பூரில் ஒரு கட்டடத்தைக் கட்டவோ மாற்றவோ நகராட்சிக்குக் கொடுத்த வரைபடங்கள் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. கட்டடம் மண்ணோடு போன பின்பும் அதன் அடுப்படி எங்கே இருந்தது, மாடிப்படி எந்தப் பக்கம் ஏறியது என்பது தாளில் நிற்கிறது. எங்கள் கதவெண்ணுக்கு உரிய வரைபடம் அகப்படவில்லை. அதே வரிசையில் சற்றுத் தள்ளி இருந்த ஒரு கடைவீட்டின் பின்கட்டை மாற்றிக் கட்டியதற்கான வரைபடம் கிடைத்தது. குறுகிய முகப்பு, தடுப்புச் சுவர் இல்லாத நீண்ட கூடம், முற்றம், அதற்குப் பின்னால் அடுப்படியும் குளியலும். தெருப்பக்கச் சுவரில் நடுவில் வாசல், இருபுறமும் சன்னல்.

இரண்டாவது படத்தை அந்த வரைபடத்தின் பக்கத்தில் வைத்தால், படம் எடுத்தவர் முற்றத்துக்கு முதுகு காட்டி, தெருவைப் பார்த்து நின்றிருக்கிறார் என்பது விளங்குகிறது. பெட்டிகள் சுவரோரம், வாசல் பின்னணியில். அந்த வாசலுக்கு வெளியே வெளுத்துத் தெரியும் எதிர்வீட்டு மாடிதான் இனி ஒரே சாட்சி. ஸ்கேனில் வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருந்தேன். மூன்று சன்னல்கள், அவற்றின் மேல் சுதையில் பூச்சரம், நடுச் சன்னலுக்கு மேல் மட்டும் பூச்சரத்துக்குப் பதிலாக ஒரு வட்டம். வலது ஓரத்தில் செங்குத்தாக ஒரு சீனப் பெயர்ப்பலகையின் மேல்பாதி.

பிறகு மார்க்கெட் ஸ்ட்ரீட் என்று குறித்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன். இடிக்கப்போவது தெரிந்து அவசரமாக எடுத்தவை சில, அலுவலகப் பதிவுக்காக எடுத்தவை சில. அவற்றின் குறிப்புகளில் தெருவின் பெயர் இருக்கும், ஆண்டு இருக்கும், சில சமயம் கட்டடத்தின் பெயர் இருக்கும். அஞ்சடியில் உட்கார்ந்திருக்கும் மனிதரின் பெயர் இராது. எங்கள் வீட்டுப் படங்களோ நேர் எதிர். முறை வைத்து ஆளைச் சொல்வோம், ஊரைச் சொல்வோம், யாருக்கு யார் மருமகன் என்று சொல்வோம். பின்னால் தெரியும் சுவர் எந்தத் தெருவின் சுவர் என்று கேட்டால் "சிங்கப்பூர்" என்போம். இரண்டு தொகுப்புகளும் தனித்தனியே கிடக்கும்வரை இரண்டுமே பாதி ஊமை. காப்பகங்கள் இந்த வேலையைச் செய்ய முடியாது. அவர்களுக்கு எங்கள் பங்காளிக் கணக்கு தெரியாது. வீட்டில் இருப்பவர்கள்தான் வந்து பொருத்த வேண்டும்.

மதியம் கடந்த பிறகு அந்த வட்டம் வந்தது. தெருவின் ஒற்றைப்படை வரிசையைச் சாய்வாகக் காட்டும் ஒரு படத்தில், நான்காவது கடைவீட்டின் மாடியில் மூன்று சன்னல்கள், இரண்டு பூச்சரங்கள், நடுவில் வட்டம். பெயர்ப்பலகை போயிருந்தது, அதைத் தாங்கிய இரும்புக் கொக்கிகள் அதே இடத்தில் நீட்டிக்கொண்டிருந்தன. அதே படத்தில் தெருமுனையும் தெரிந்ததால், முனையிலிருந்து கடைவீடுகளை எண்ணி 1950களின் வரைபடத்தில் அந்த மனையைக் குறிக்க முடிந்தது. அதற்கு நேர் எதிரே, உறையில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகும் இடத்தில், எங்கள் கிட்டங்கி. இன்றைய வரைபடத்தை மேலே வைத்தால் அது பழைய கோல்டன் ஷூ கார் நிறுத்துமிடம் இருந்த வரிசையில் வருகிறது. ஐயா பெட்டி வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே சனிக்கிழமை கோப்பி குடித்திருக்கிறேன்.

ஆண்டைத் தந்தது நாட்காட்டி. மாதத்தின் பெயர் ஜனவரி என்று படிக்க முடிகிறது. ஆண்டு தலைகள் மறைத்த இடத்தில் போய்விட்டது. ஆனால் முதல் தேதி சனிக்கிழமைக் கட்டத்தில் இருக்கிறது. ஐயா மூன்றாம் முறை சிங்கப்பூர் வந்தது 1949-இன் இறுதியில்; கடைசியாகத் திரும்பியது 1971-இல். இடையில் ஜனவரி முதல் தேதி சனிக்கிழமையில் வந்தது 1955-இலும் 1966-இலும்தான். அம்மான் வீட்டு உறவினர் 1959-இல் ஊரில் காலமானவர். எனவே படம் 1955-ஐச் சேர்ந்தது. அப்போது ஐயாவுக்கு வயது முப்பத்து நான்கு.

கேனிங் குன்றின் மேலேறி மறுபக்கம் இறங்கினால் டேங்க் ரோடு. நடந்தே போனேன். பெரியவர் கோயிலில் இல்லை.

செவ்வாய், சிங்கப்பூர்

இன்று எங்கும் போகவில்லை. விடுதியில் உட்கார்ந்து படங்களுக்குக் குறிப்பு எழுதினேன்.

அஞ்சலட்டைக்கு: 'மார்க்கெட் ஸ்ட்ரீட், சிங்கப்பூர். 1914-க்கு முன். தூணோரம் நிற்பவர் யாரென்று தெரியாது.' இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதக் கொஞ்ச நேரம் பிடித்தது. படத்தை பட்டாலையிலிருந்து எடுக்க வேண்டாம், அது எங்கள் தெரு என்பது உண்மைதானே என்று தம்பி கேட்டான். இருக்கட்டும்.

இரண்டாவது படத்துக்கு: 'மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கி, தெருப்பக்கக் கூடம், 1955 ஜனவரி அல்லது அதை ஒட்டி. நான்கு கடைகளின் ஏஜெண்டுகள்.' அதன் கீழ் வலமிருந்து இடமாக நால்வரின் விலாசமும் ஊரும். நிற்பவர் இடத்தில்: 'கிட்டங்கிச் சமையல்காரராக இருக்கலாம்.' எதிர்வீட்டின் படம் எது, வரைபடம் எது என்பதையும் சேர்த்து எழுதி, ஸ்கேனின் பிரதியைக் காப்பகத்துக்குக் கொடுக்கலாமா என்று அயித்தையிடம் கேட்டேன். மற்ற மூன்று வீட்டாரும் சம்மதிக்க வேண்டும், எல்லாரும் இருக்கிற படம் என்றார். அது நியாயம். மூன்று வீடுகளுக்கும் இன்றே செய்தி அனுப்பினேன். ஒரு வீட்டிலிருந்து உடனே பதில் வந்தது. அவர்களிடமும் அதே படம் இருக்கிறதாம், "ஐயாவும் அவருடைய ஆட்களும்" என்றுதான் அவர்களும் சொல்லிவருகிறார்களாம், அவர்கள் ஐயாவைக் குறித்து.

அயித்தைக்கு ஏஜெண்டுகளைவிடச் சமையல்காரர் பற்றித்தான் கேள்வி. "எந்த ஊர்க்காரருன்னு அந்தப் பெரியவருகிட்ட கேளு. அப்பச்சி கடைசிவரைக்கும் பால்சோறும் கத்திரிக்காக் கோசமல்லியும் ஒரு பக்குவத்துல கேட்பாக, இங்கன யாருக்கும் அது வரல." பெரியவரைத் தொலைபேசியில் பிடித்தேன். தம் காலத்துக் கிட்டங்கியில் இருந்தவர் வேறு ஆள் என்றும், 1950களில் இருந்தவரைத் தெரிந்த ஒருவர் சிராங்கூன் ரோடு பக்கம் இருக்கிறார், நாளைக் காலை பத்து மணிக்கு மேல் அழைத்துப் போகிறேன் என்றும் சொன்னார். என் விமானம் மாலையில்தான்.